சூடு எங்கே தடைபடுகிறது?

திடப்பொருளில் வெப்பக் கடத்தல், திரவத்திலும் வாயுவிலும் வெப்பச் சலனம், இடையில் பொருளே தேவைப்படாத வெப்பக் கதிர்வீச்சு. பள்ளியில் மனப்பாடம் செய்த இந்த வகைப்பாட்டைப் பெரும்பாலோர் ஆயுளுக்கும் மறப்பதில்லை. தேர்வுக்கு அது போதும். ஆனால் சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி, ஆத்தூர் என்று நீளும் வட்டாரத்தில், ஒரு சேகோ ஆலைக் களத்தில் காயும் ஜவ்வரிசிக்கு முன்னால் இந்த வகைப்பாடு திணறிப்போகிறது. வெயில் கதிராக வந்து விழுகிறது. சிமெண்ட் களம் அடியிலிருந்து சுடுகிறது. மேலே காற்று உரசிப் போகிறது. மாவும் நீரும் கலந்து கிடக்கும் மணியைத் திடம் என்பதா, திரவம் என்பதா என்றே சொல்ல முடியாது. மூன்று வழியும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அப்படியானால் காய்வதற்கு ஒரு நாள் ஆகுமா, இரண்டு நாள் ஆகுமா என்பதை எது முடிவு செய்கிறது? இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: ஒரு பொருள் திடமா, திரவமா, வாயுவா என்பதைக் காட்டிலும், வெப்பம் போகும் பாதையில் பெரிய தடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தடை நாம் கண்ணால் பார்க்கும் உலோகத்திலோ கல்லிலோ இருப்பது குறைவு. பெரும்பாலும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தில், நீர்ப் படலத்தில், படிந்துபோன உப்பில் இருக்கிறது. கூரைக்கும் பாத்திரத்துக்கும் நாம் தவறான இடத்தில் பணம் போடுவதற்கு இதைக் கவனிக்காததே காரணம்.

பழைய வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. 1780களின் இறுதியில் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு அறிவியலாளர் வெவ்வேறு உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, ஒரு முனையைச் சூடாக்கி, எந்தக் கம்பியில் மெழுகு அதிக தூரம் உருகுகிறது என்று ஒப்பிட்டார். இன்றும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டுவது அதே சோதனைதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் திடப்பொருளுக்குள் வெப்பம் பரவுவதைச் சமன்பாடாக எழுதினார். திரவத்தின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. 1797 வாக்கில் ரம்ஃபோர்டு பிரபு ஒரு பாத்திரத்தின் அடியில் பனிக்கட்டியை நிறுத்தி, மேலே வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். பனி மிக மெல்லத்தான் உருகியது. அதிலிருந்து, திரவத்துக்குள் வெப்பம் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குத் தாவவே தாவாது, துகள்கள் இடம்பெயர்ந்து சுமந்து போனால்தான் உண்டு என்று முடிவு கட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மற்றவர்கள் அதைச் சோதித்து மறுத்தார்கள்: நீரும் வெப்பத்தைக் கடத்துகிறது, ஆனால் மெல்ல. இருந்தும் அவருடைய கருத்தின் நிழல் பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டது. திரவம் என்றால் சலனம் என்று நாம் பழகிப்போனோம்.

உண்மையில் திரவத்திலும் வாயுவிலும் சலனம் தானாக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. சூடு கீழே இருக்க வேண்டும், குளிர்ச்சி மேலே இருக்க வேண்டும். தலைகீழானால் எல்லாம் நின்றுவிடும். சேலம் பக்கத்துக் கமலைக் கிணறுகளில் கோடையில் நீந்தியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்: மேல்மட்டம் வெதுவெதுப்பாக இருக்க, இரண்டு ஆள் ஆழத்தில் கால் சில்லிட்டுப் போகும். சூடான இலகு நீர் மேலேயே மிதப்பதால், அவ்வளவு நீரும் வெப்பத்தைப் பொறுத்தவரை திடப்பொருள் போலவே நடந்துகொள்கிறது. காற்றிலும் அப்படியே. பகலில் சமவெளித் தரை சுட்டு, தரையையொட்டிய காற்று மேலெழுகிறது. எழுந்த காற்று விரிவடைந்து குளிர்கிறது. சேலத்தைவிட ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு குளிர்ச்சியாக இருப்பதற்கு இதுவே காரணம். உலர்ந்த காற்று ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் குளிரும். மார்கழி இரவில் கதை மாறுகிறது. தரை வானத்தை நோக்கிக் கதிர்வீசிக் குளிர, அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழே தங்குகிறது. சேர்வராயன் மலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலைகள் நிற்பதால் விலக வழியும் குறைவு. விடியற்காலையில் புகை நெளியாமல் வீட்டுக்கூரை உயரத்திலேயே தட்டையாகப் படிந்து கிடப்பதைப் பார்க்கலாம். வாயுதான், ஆனால் சலனம் இல்லை.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு மீட்டர் தடிமனுள்ள பொருளின் இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வைத்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக வினாடிக்கு எத்தனை ஜூல் போகும் என்பதே கடத்துதிறன். செம்புக்கு அது ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, சாதாரண இரும்புக்கு 50, எவர்சில்வருக்கு 16, கான்கிரீட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை, தண்ணீருக்கு 0.6, உலர்ந்த மரத்துக்கு 0.15, தெர்மகோலுக்கு 0.035, காற்றுக்கு 0.026. இந்த வரிசையை நிதானமாகப் பார்த்தால், திடப்பொருள் நன்றாகக் கடத்தும், திரவம் குறைவாகக் கடத்தும் என்ற பொதுவிதி உடைந்துபோவது தெரியும். மரம் திடம், தண்ணீர் அதைவிட நான்கு மடங்கு கடத்துகிறது. உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஓடிச் சுமப்பதால் கடத்தல் அதிகம் என்பது சரி. ஆனால் அப்படி ஓட ஒரு எலக்ட்ரானும் இல்லாத வைரம் செம்பைவிட நான்கைந்து மடங்கு கடத்துகிறது. அதன் அணுக்கள் இறுக்கமாக, ஒழுங்காகக் கோத்திருப்பதால் ஒரு முனையின் அதிர்வு சிதறாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. கல்பாக்கத்தில் வேக ஈனுலையைக் குளிர்விக்க ஓடும் உருகிய சோடியம் திரவம். அதன் கடத்துதிறன் இரும்பைவிட அதிகம். வாயுவில் வேறொரு விந்தை. நம் அறையின் காற்று மூலக்கூறுகள் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அவ்வளவு வேகம் இருந்தும் வெப்பம் நகராததற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகுமுன் இன்னொன்றின் மேல் மோதித் திசை மாறிவிடுவதுதான். காற்றைப் பாதியாக வெளியேற்றினாலும் கடத்துதிறன் குறைவதில்லை. மூலக்கூறுகள் பாதியானால் மோதாமல் போகும் தூரம் இரட்டிப்பாகிறது. ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகிறது. இதை 1860-இல் மேக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொன்னார். பிளாஸ்க்கின் இரண்டு சுவர்களுக்கிடையே ஏறக்குறைய முழு வெற்றிடம் தேவைப்படுவது அதனால்தான்.

இப்போது இந்த எண்களை ஓர் அடுப்பின் மேல் வைத்துப் பார்ப்போம். சேலம் உருக்காலையின் எவர்சில்வர் தகடு தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கமானது. செம்பு எவர்சில்வரைவிட 25 மடங்கு கடத்தும் என்பதைக் காட்டி, செம்பு அடி வைத்த பாத்திரத்தில் சமைத்தால் கேஸ் மிச்சம் என்று விற்கிறார்கள். கணக்குப் போடுவோம். சுடரிலிருந்து பாத்திரத்தின் அடிக்கு வெப்பம் வர வேண்டுமானால், அடியை ஒட்டிய சூடான வாயுப் படலத்தைக் கடக்க வேண்டும். அந்தப் படலத்தின் தடையை, ஒரு சதுர மீட்டரில், வாட்டுக்குத் தோராயமாக 0.02 டிகிரி என்று கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வரின் தடை 0.00006. உள்ளே கொதிக்கும் நீரின் தடை 0.0003 அளவு. மொத்தத்தில் உலோகத்தின் பங்கு ஆயிரத்தில் மூன்று. எவர்சில்வரை எடுத்துவிட்டுச் செம்பு வைத்தாலும், தங்கமே வைத்தாலும், தண்ணீர் கொதிக்கும் நேரம் அந்த ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் குறையாது. வாய்க்காலில் மடை ஒரு சாண் அகலம் என்றால், அதற்கு அப்பால் வாய்க்காலை எவ்வளவு வெட்டி அகலப்படுத்தினாலும் வயலுக்கு வரும் தண்ணீர் கூடாது. மடை இங்கே சுடர்ப் பக்கத்து வாயு. சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டி விலா வழியாக வீணாகாமல் பார்த்துக்கொள்வது, மூடி போடுவது, அடியில் கரி ஏறாமல் துடைப்பது ஆகியவை உலோகத்தை மாற்றுவதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. செம்பு அடி, கனத்த அலுமினிய அடி வைத்த பாத்திரத்தில் பொங்கலும் களியும் அடிப்பிடிப்பதில்லை என்பது சமைப்பவர்களின் அனுபவம். அதைப் பொய் என்று தள்ள முடியாது. தள்ளவும் வேண்டாம். அங்கே செம்பு செய்யும் வேலை வேறு. சுடர் படும் இடத்தின் சூட்டை அது பக்கவாட்டில் பரப்புகிறது. தண்ணீராக இருந்தால் இந்த உதவி தேவையில்லை. சூடான நீர் தானே எழுந்து போய்விடும். களி எழுந்து போகாது. கூழும் களியும் அல்வாவும் பேருக்குத் திரவம். அசைவே இல்லாததால் அவற்றில் வெப்பம் கடத்தலால் மட்டுமே போகிறது, அதுவும் தண்ணீரைப் போல மிக மெல்ல. எனவே அடியில் ஒட்டிய படலம் தீய்ந்துபோகிறது. துடுப்பைக் கொண்டு விடாமல் கிண்டுகிற கைதான் அங்கே சலனம். ஆக, செம்பு அடி கேஸை மிச்சம் பண்ணாது, சோற்றைக் காப்பாற்றும்.

மெல்லிய படலம் எவ்வளவு வல்லமை உடையது என்பதற்கு மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களின் கொதிகலன்கள் இன்னும் கடுமையான சான்று. அங்கே நிறுவப்பட்டவை தலா 210 மெகாவாட் கொண்ட நான்கு அலகுகளும், 600 மெகாவாட் அலகு ஒன்றும். இத்தகைய உலைகளில் தீ நேரே தாக்கும் குழாய்ச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் இரண்டு லட்சம் வாட் வரை வெப்பம் கடக்கும். உள்ளே கொதிக்கும் நீர் அதை உடனே வாங்கிக்கொள்வதால் குழாய் தாங்குகிறது. குழாயின் உட்புறம் ஒரே ஒரு மில்லிமீட்டர் உப்பு படிந்தால் போதும். உப்பின் கடத்துதிறன் ஒன்றை ஒட்டியது, ஆகவே குழாயின் உலோகம் ஏறத்தாழ 200 டிகிரி கூடுதலாகச் சூடாகி, இளகி, வெடிக்கும். அதனால்தான் கொதிகலன் நீரில் உப்பே இல்லாமல் சுத்திகரிக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள். கடின நீர் கிடைக்கும் ஊர்களில் வீட்டுத் தண்ணீர்ச் சூடேற்றியின் கம்பி அடிக்கடி எரிந்துபோவதும் இதே காரணத்தால்தான்.

சேகோவுக்குத் திரும்புவோம், இந்த வட்டாரத்தில் வெப்பத்தை நாள்தோறும் கையாளும் பெரிய தொழில் அது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவள்ளியாகிய குச்சிக்கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பால் பிழிந்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு எடுத்து, குலுக்கி மணியாக்குகிறார்கள். அதன் பிறகு வருவது வறுத்தல். எண்ணெய் தடவிய சூடான தட்டில் ஈர மணிகளைப் போட்டு, சில நிமிடம் நிறுத்தாமல் கிளறுகிறார்கள். மரவள்ளி மாவு 60 முதல் 70 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வெந்து பசையாகும். வறுப்பதன் நோக்கம் மணியின் மேல்தோலை மட்டும் அப்படி வேகவைத்து, உதிராத ஓடு ஒன்றை உண்டாக்குவது. உருண்டை மணி தட்டைத் தொடுவதோ ஒரு புள்ளியில்தான். மீதி முழுவதும் காற்று இடைவெளி. கிளறுவது அந்தப் புள்ளியை நொடிக்கு நொடி மாற்றுவதற்காகத்தான். நைலான் ஜவ்வரிசிக்கு வேறு வழி: நீராவியில் வேகவைப்பது. 100 டிகிரி நீராவியும் 100 டிகிரி காற்றும் ஒன்றல்ல. நீராவி மணியின் மேல் நீராகக் குளிரும்போது, கிலோ ஒன்றுக்கு 22 லட்சம் ஜூலுக்கு மேல் அந்த இடத்திலேயே இறக்கிவைக்கிறது. இட்லி பத்து நிமிடத்தில் வேகுவதும் அதனால்தான்.

பிறகு களம். வறுத்த மணியில் 40 விழுக்காடு ஈரம் இருப்பதாகவும், அதை 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், 100 கிலோவிலிருந்து ஏறக்குறைய 32 கிலோ நீர் வெளியேற வேண்டும். அதற்குத் தேவைப்படும் வெப்பம் சுமார் 21 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக ஐந்து யூனிட்டுக்குக் குறையாது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் நாலைந்து சதுர மீட்டர் களமும் ஒரு பகலும் போதும் என்று தோன்றும். ஏன் போதுவதில்லை? மூன்று மில்லிமீட்டர் மணிக்குள் வெப்பம் நடுப்பகுதிவரை ஊடுருவ 15, 20 வினாடிதான் ஆகும். ஆனால் நடுவிலிருக்கும் நீர் மாவின் ஊடாகக் கசிந்து மேற்பரப்புக்கு வரப் பல மணி நேரம் ஆகிறது. தடை வெப்பத்தின் பாதையில் இல்லை, ஈரத்தின் பாதையில் இருக்கிறது. இது புரியாமல் இன்னும் சூடேற்றினால் வெளித்தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, மணி வெடிக்கவோ பின்னால் பூசணம் பிடிக்கவோ வாய்ப்புண்டு. மெல்லிய பரப்பாகப் பரப்பி, அவ்வப்போது துழாவி, நிதானமான சூட்டில், நல்ல காற்றோட்டத்தில் காயவிடுவதுதான் சரி. மேகம் மூடிய நாளிலும் உலர்ந்த காற்று வீசினால் ஓரளவு காய்ந்துவிடுவதும், வெயில் அடித்தும் புழுக்கமான நாளில் காயாமல் இழுப்பதும் இதனால்தான். இயந்திர உலர்த்தி வந்தால் களமே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. மழைக்காலத்துக்கு அது தேவைதான். ஆனால் அந்த உலர்த்தியும் மணிக்குள் நீர் கசியும் வேகத்துக்குக் கட்டுப்பட்டே ஓட வேண்டும். சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதே கேள்வியைக் கூரையிடம் கேட்டால் கிடைக்கும் பதில்தான் இந்தச் சமவெளிக்கு மிக அவசரமானது. சித்திரை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. மழையில் நனைந்து கறுத்த பழைய சிமெண்ட் ஷீட் அதில் 800 வாட்டை விழுங்கிவிடும். வெளிக்காற்று 38 டிகிரி என்றால், ஷீட் 65 டிகிரியைத் தொடும். அறைக்குள் இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 190 வாட். ஷீட்டை இரட்டிப்புத் தடிமனில் வாங்கிப் போட்டால் இது பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஏனென்றால் தடை ஷீட்டுக்குள் இல்லை, அதன் அடியில் ஒட்டிய காற்றுப் படலத்தில்தான் இருக்கிறது. அதே பழைய ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தால், விழுங்கும் வெயில் 300 வாட் அளவுக்குச் சுருங்கி, ஷீட் 48 டிகிரியோடு நின்றுவிடும். உள்ளே இறங்குவது 70 வாட்டை ஒட்டி வரும். அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைப்பு, ஒரு வாளிச் சுண்ணாம்பில். கூரைக்குக் கீழே இருப்பவர் படும் அவதியில் கதிர்வீச்சின் பங்கும் பெரிது. 65 டிகிரிக் கூரை, 35 டிகிரித் தோல் திருப்பி வீசுவதைவிடச் சதுர மீட்டருக்கு 230 வாட் கூடுதலாக வீசும். 48 டிகிரிக் கூரையென்றால் அது 90 வாட்டுக்கு இறங்கிவிடும். மின்விசிறியால் இந்தக் கதிரைத் தடுக்க முடியாது. காற்றே தோலைவிடச் சூடாக இருக்கும்போது விசிறி சூட்டைத்தான் கொண்டுவருகிறது. வியர்வையை உலர்த்துவதால் மட்டுமே அது ஆறுதல் தருகிறது. நாமக்கல் பண்ணைக் கோழிக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடல் வெப்பம் 41 டிகிரி. வாய் திறந்து இளைப்பதுதான் ஒரே வழி. பக்கச் சுவரில்லாமல் உயரமாகக் கட்டிய கொட்டகையில் காற்றோட்டம் தாராளமாக இருந்தும் கோடையில் கோழிகள் சாவது கூரைக் கதிரின் கொடுமையாலும்தான். ஷீட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது நன்றாக வேலை செய்யும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டர் ஆவியானால் 670 வாட்டை அது எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் கிணறு வற்றும் மாதத்தில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? கூரைமேல் தென்னங்கீற்று பரப்புவதோ சுண்ணாம்பு அடிப்பதோதான் நம் வட்டாரத்துக்கு ஏற்றது.

சுண்ணாம்புக்கு எதிராகச் சொல்லப்படுபவை பல. வெள்ளைக் கூரை இரவில் குளிராது என்பது ஒன்று. அது தவறு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத்தான் சுண்ணாம்பு வெள்ளை. 50 டிகிரிப் பொருள் வீசும் அகச்சிவப்புக் கதிருக்கு அது கறுப்பு மாதிரியே. ஆகவே இரவில் நன்றாக வீசிக் குளிரும். பளபளக்கும் புதுத் தகரம்தான் இதில் ஏமாற்றும்: வெயிலைத் திருப்பிவிட்டாலும், தன்னிடம் சேர்ந்த சூட்டைக் கதிராக வீசத் தெரியாததால் தகிக்கிறது. மழையில் கரைந்துபோகும், தூசி படியும் என்பது உண்மை. ஆண்டுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கான்கிரீட் மாடி வீட்டுக்கு இது தேவையா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலில் 15 டிகிரி ஏறினால், சதுர மீட்டருக்கு ஒரு யூனிட் மின்சாரம் அளவு வெப்பத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து, நாம் படுக்கப் போகும்போது இறக்கிவைக்கிறது. அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில் மண்டபத்தில் கல் குளிர்ச்சியானது என்று சொல்லிக்கொண்டு உட்காருகிறோம். கருங்கல் செங்கல்லைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்தும். மண்டபம் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், அதன் கனத்த கல் இரவின் குளிர்ச்சியைப் பகலுக்குக் கொண்டுவருவதும், தூண்கள் நிழலில் இருப்பதும், பக்கங்கள் திறந்து கிடப்பதும்தான். அதே கல்லை வெயிலில் தளமாகப் போட்டால் கால் வைக்க முடிவதில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி ஒன்றை இன்னும் தொடவில்லை. எல்லைப் படலமே எல்லாம் என்றால், பொருளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? படலமே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. தடை எங்கே என்று தேடச் சொல்கிறேன். இரு பக்கத்துப் படலமும் வலுவிழந்த இடத்தில் பொருளே மடையாகிவிடும். கல்பாக்கத்தின் சோடியம் அவ்வளவு வேகமாக வெப்பத்தை வாங்கிக்கொள்வதால், அங்கே குழாய்ச் சுவரின் உலோகமே கணக்கில் முன்னுக்கு வருகிறது. சேலத்து வெண்கல் மேடுகளில் வெட்டி எடுக்கும் மேக்னசைட்டைச் சுட்டுச் செய்யும் மக்னீசியாச் செங்கல் மிகக் கடுமையான உலைச் சூட்டிலும் உருகாது. ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். உலையின் உட்புறத்துக்கு அதைக் கட்டி, அதன் பின்னால் துளைகள் நிறைந்த இலகுவான செங்கலை வேறாக வைக்கிறார்கள். சூட்டைத் தாங்குவது ஒன்று, சூட்டைத் தடுப்பது மற்றொன்று. தடுப்பது துளைக்குள் அகப்பட்டு அசைய முடியாத காற்று. கூரைமேல் பரப்பும் கீற்றும், கம்பளியும், தெர்மகோலும் அதே காற்றைத்தான் சிறைபிடித்து வைத்திருக்கின்றன. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான கே.எஸ். கிருஷ்ணன், 1950களில் வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பியின் நீளவாக்கில் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். காற்றும் இல்லை, நீரும் இல்லை, திடப்பொருள் மட்டுமே. அங்கும் கம்பியின் ஊடாகப் போகும் கடத்தலும், அதன் மேற்பரப்பிலிருந்து வீசும் கதிரும் ஒன்றோடொன்று போட்டியிட்டே வெப்பநிலையை நிர்ணயிக்கின்றன. மூன்றில் ஒரு வழியைத் தனியே பிரித்து வைக்க அந்தத் தூய்மையான சோதனையிலும் முடியவில்லை.

சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு இவ்வளவும் தேவையா, மூன்று வகையோடு நிறுத்திக்கொள்ளக்கூடாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். மூன்று வகையும் இருக்கட்டும். கூடவே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: இந்தப் பாதையில் சூடு எங்கே அதிகமாகச் சிக்கிக்கொள்கிறது? சேலம், நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிகளுக்கு ஆய்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சேகோ களம், ஒரு கோழிக் கொட்டகை, ஒரு கிணறு, நான்கைந்து வெப்பமானி. சுண்ணாம்பு அடித்த ஷீட்டையும் அடிக்காத ஷீட்டையும் அருகருகே வைத்து நண்பகலில் அளந்து பார்க்கும் பிள்ளையால் வெப்பக் கதிர்வீச்சை வேறு எப்படியும் அவ்வளவு தெளிவாகக் கற்க முடியாது. அகமதாபாத் 2013-லேயே வெப்ப அலைக்கான செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. நம் பேரூராட்சிகள் அரசாணைக்குக் காத்திராமல் அங்கன்வாடிக் கூரைகளிலிருந்து தொடங்கலாம். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும்: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்தபடி தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, அதன் நார் நுரையீரலுக்கு ஆபத்து, தண்ணீரால் நனைத்துவிட்டு மேலேயே பூச வேண்டும். சுண்ணாம்புக்கும் நாம் தொலைவு போக வேண்டியதில்லை, சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் தாராளம். மாசி மாதத்தில் ஷீட் நன்றாகக் காய்ந்திருக்கும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் இரண்டு கை அடித்துவிடுங்கள்.